மீட்டர் 7.5, கிட் 8.2: கடல்நீர் தொட்டியில் எந்த பிஎச்சை நம்புவது?

கேள்வி இதுதான்: வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. தொட்டியிலேயே மாட்டி வைத்திருக்கும் பிஎச் மீட்டர் 7.5 காட்டுகிறது, சொட்டு விடும் டெஸ்ட் கிட் 8.2 காட்டுகிறது. கடையில் பிஎச்சை ஏற்ற பஃபர் பவுடர் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

போடாதீர்கள். எந்த எண் பொய் என்று தெரிவதற்கு முன்னால் தொட்டியில் ஒரு சிட்டிகை கூடப் போடாதீர்கள். 7.5-க்கும் 8.2-க்கும் நடுவே இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை. பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) மடக்கைக் கணக்கு, ஒரு எண் மாறினால் பத்து மடங்கு என்பதால் ஹைட்ரஜன் அயனி ஐந்து மடங்கு மாறுகிறது. உண்மையில் 8.2 இருக்கும் தண்ணீரில் அந்தப் பவுடரைக் கொட்டினால் (பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும்தான் அதில் இருக்கும்) காரத்தன்மை எகிறி, கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிந்து, தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிடும். மோட்டாருக்குள் எல்லாம் பொருக்கு கட்டும். ஒரு தப்பான எண்ணை நம்பி நல்ல தண்ணீரைக் கெடுத்த தொட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் சாயக்கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில், ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். காலையில் போனதும் முதல் வேலையே பிஎச் மீட்டரை பஃபரில் (பிஎச் இவ்வளவு என்று தெரிந்த கரைசல், கடைக்காரர் சொல்லும் பவுடர் இல்லை) வைத்துச் சரிபார்ப்பதுதான். வீட்டில் நாலடி கடல்நீர் தொட்டி. அதில் இருப்பவை குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கிளவுன் மீன்கள். கடலில் பிடித்தவை இல்லை. பவளமும் வைத்திருக்கவில்லை, நம் நாட்டில் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பதிலை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் என் தொட்டியிலும் மீட்டர் 8.1-இலிருந்து 7.5-க்கு விழுந்தது. மெதுவாக இறங்கவில்லை, ஒரே இறக்கம். மீன்கள் எப்போதும் போலச் சாப்பிட்டன. கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "பஃபர் போட்டு ஏத்தி விட்ருங்க சார், மீன் போயிரும்" என்றார். நான் போடவில்லை. கடல்நீருக்கு அவ்வளவு சீக்கிரம் பிஎச் விழாது. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அதைத் தாங்கிப் பிடிக்கும். அமிலமே கொட்டியிருந்தால் ஒழிய, ஒரு மணி நேரத்தில் அந்த அளவு இறங்க வழியில்லை. என் காரத்தன்மையும், அதாவது அந்தப் பைகார்பனேட் அளவும், 8 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), அது அசையவே இல்லை. அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது மீட்டரைத்தான்.

ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்தேன். மீட்டரின் ப்ரோபை (தண்ணீரில் நின்று அளக்கும் குச்சி) தொட்டியிலிருந்து வெளியே எடுத்து டம்ளரில் விட்டேன். 8.1. திரும்பத் தொட்டியில் விட்டேன். 7.5. அதே தண்ணீர், அதே ப்ரோப், அதே மீட்டர். பேட்டரியில் ஓடும் பேனா மீட்டரைத் தொட்டிக்குள் விட்டால் அது 8.1 என்றது. இந்த இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ப்ரோபும் நன்றாக இருக்கிறது, தண்ணீரும் நன்றாக இருக்கிறது, தொட்டிக்குள் போனால் மட்டும் எண் மாறுகிறது என்றால் அங்கே கரண்ட் கசிகிறது.

ஏன் என்று சொல்கிறேன். பிஎச் ப்ரோப் தருவது மிகச் சின்ன மின்னழுத்தம். ஒரு முழு பிஎச் எண்ணுக்கு 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட். எனக்கு வந்த 0.6 வித்தியாசம் வெறும் 35 மில்லிவோல்ட்தான், டார்ச் செல்லின் ஒன்றரை வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. உப்புத் தண்ணீர் கரண்ட்டை நன்றாகக் கடத்தும். எங்கோ ஒரு மோட்டாரில் கசிந்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் அந்த அழுத்தத்தில் நிற்கும். அடாப்டரில் ஓடும் மீட்டர் வழியாக அதில் கொஞ்சம் தரைக்குப் போகப் பார்க்கும், அது ப்ரோபின் அளவோடு கலந்துவிடும். பேட்டரிப் பேனாவுக்கு வெளியே போக வழி இல்லாததால் அது ஏமாறவில்லை.

தொட்டிக்குள் கை விடவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு, காய்ந்த கையால், ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி), மாறவில்லை. ரிட்டர்ன் மோட்டார் (தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றுவது), மாறவில்லை. வேவ்மேக்கரை (தொட்டிக்குள் அலை உண்டாக்கும் மோட்டார்) பிடுங்கியதும் மீட்டர் அப்படியே 8.1-க்கு ஏறியது. எடுத்துப் பார்த்தால் அதன் வயர் கண்ணாடி விளிம்பில் உரசி உரசி மேலுறை கிழிந்திருந்தது. அன்று இரவு என் மகள் வழக்கம்போல மீனுக்குத் தீனி போடக் கையை நனைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். பவுடர் போட்டு எண்ணை மட்டும் ஏற்றியிருந்தால் அந்தக் கசிவு அங்கேயேதான் இருந்திருக்கும்.

மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சுவரில் மூன்று பின் சாக்கெட் இருக்கிறது, ஆனால் எர்த் வயரை போர்டோடு சேர்க்கவே இல்லை. "மீன் தொட்டிக்கு எர்த் எதுக்குங்க, ரெண்டு பின்னே போதுமுங்க" என்றார் அவர். போதாது. தயவுசெய்து யாரும் இப்படிச் சொல்வதை ஏற்காதீர்கள். எர்த் சேர்த்து, அந்த லைனுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) ஒன்று போட வைத்தேன். பிஎச் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் உப்புத் தண்ணீர் தொட்டி வைத்திருக்கும் எல்லோர் வீட்டிலும் அது இருக்க வேண்டும்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருகிறேன். முதலில் டம்ளர் சோதனை. டம்ளரிலும் 7.5 என்றால் அந்த எண்ணுக்குக் காரணம் கரண்ட் கசிவு இல்லை, மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். எப்போது பார்த்தாலும் 7.00 என்றே நிற்கிறதா? ப்ரோபின் கண்ணாடி கீறியிருக்கலாம், அல்லது கனெக்டருக்குள் ஈரம் ஏறியிருக்கலாம். மீட்டருக்குள் அழுத்தமே போகாவிட்டால் அது 7 என்றுதான் காட்டும்.

பஃபர் விஷயத்தில்தான் நம் ஊரில் அதிகம் ஏமாறுகிறார்கள். மலிவுப் பேனாவோடு வரும் பொட்டலங்கள் 4.00, 6.86, 9.18. ஆனால் பல மீட்டர்கள் 4, 7, 10 என்று எதிர்பார்க்கும். 6.86 கரைசலில் வைத்து 7 என்று செட் செய்தால் அப்போதே 0.14 பிழை உள்ளே போய்விடும். பொட்டலத்தைக் கரைக்க ஆர்ஓ தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம். எங்கள் ஊர் போர் தண்ணீரில் இருக்கும் உப்புக்கு பஃபரே பஃபராக இருக்காது. டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். இன்னொன்று, பிஎச் 10 பஃபர் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு தானே இறங்கும். பழைய 10 பஃபரில் செட் செய்த மீட்டர் தண்ணீரைக் கூட்டித்தான் காட்டும். நாங்கள் ஆய்வகத்தில் 7-உம் 9.2-உம் பயன்படுத்துவோம், கடல்நீரின் 8.1, 8.2 இரண்டுக்கும் நடுவே வருவதால் உங்களுக்கும் அதுவே போதும். 4 தேவையில்லை.

பஃபர் மேலேயே சந்தேகம் என்றால் வெங்காரம் இருக்கிறது, நகை ஆசாரிகள் பற்றவைக்கப் பயன்படுத்துவது. அரை டீஸ்பூன் வெங்காரத்தை ஒரு கப் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் 25 டிகிரியில் 9.18 வரும், 30 டிகிரியில் 9.14. கொஞ்சம் கூடக் குறையப் போட்டாலும் பெரிதாக மாறாது, அதுதான் அதன் அருமை. பொரித்த வெங்காரம் வாங்காதீர்கள், கேரம் போர்டு பவுடரும் வேண்டாம், அது போரிக் அமிலம். ஆய்வகத்தில் இருப்பவர்கள் "கடைச் சரக்கின் தூய்மைக்கு யார் பொறுப்பு" என்று கேட்பார்கள். நியாயம்தான். இதை வைத்து செட் செய்யச் சொல்லவில்லை, ஒரு குறுக்கு விசாரணைக்கு மட்டும்.

மீட்டரில் மில்லிவோல்ட் பார்க்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. 7 பஃபரில் பூஜ்ஜியத்துக்கு முப்பது முன்னே பின்னே இருக்கலாம். 7-க்கும் 9.2-க்கும் நடுவே சுமார் 130 வித்தியாசம் வர வேண்டும். நூறு கூட வரவில்லை என்றால் ப்ரோபுக்கு வயதாகிவிட்டது. ஒன்றரை, இரண்டு வருடம் உழைத்தாலே பெரிய விஷயம். வேளை வருவதற்கு முன்பே அதைக் கொல்வது டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடும் பழக்கம். ஊறப்போட வேண்டியது பொட்டாசியம் குளோரைடு கரைசலில், 100 மில்லிக்குச் சுமார் 22 கிராம். பாசி படிந்தால் துணியால் தேய்க்காதீர்கள். வெள்ளைப் பொருக்கு என்றால் வினிகரில் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவிவிட்டு, அப்புறம் அந்தக் கரைசலில் ஊறவிட்டு, மறுபடி செட் செய்யுங்கள். ப்ரோபை விளக்கு வெளிச்சம் படாத, தண்ணீர் ஓட்டம் உள்ள இடத்தில், சம்ப்பில் (மீன்தொட்டியோடு சேர்ந்த வடிகட்டும் தொட்டி) மாட்டுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் மீட்டர் 7.5 என்றே சொன்னால் அது உண்மை சொல்கிறது, கிட்தான் பொய். நன்னீருக்கான கிட் பெரும்பாலும் 7.6-ஓடு முடிந்துவிடும், கடல்நீருக்கு உயர் அளவுக் கிட் வேண்டும். தேதி முடிந்த மருந்தும், மஞ்சள் விளக்கில் நிறம் பார்ப்பதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளுக்கு முன்னால் பாருங்கள். எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்பதும் முக்கியம். விடியும் முன் பிஎச் மிகக் குறைவாகவும் விளக்கணைக்கும் நேரத்தில் மிகக் கூடுதலாகவும் இருக்கும். காலையில் மீட்டரையும் ராத்திரியில் கிட்டையும் பார்த்துவிட்டு ஒப்பிட்டால் இரண்டுமே நியாயமாகச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் ஏசி. கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, நாலு பேர் படுத்துத் தூங்கும் அறையில் கார்பன் டை ஆக்சைடு ஆயிரம் பிபிஎம்மைச் சாதாரணமாகத் தாண்டும். வெளியே சுமார் 420-தான். அது தண்ணீரில் கரைந்து பிஎச்சைக் கீழே இழுக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு பாத்திரத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து மொட்டை மாடியில் ஏர் ஸ்டோன் விட்டு ஒரு மணி நேரம் குமிழி ஓட விடுங்கள். பிஎச் நன்றாக ஏறினால் குற்றம் அறைக் காற்றின் மேல். பவுடர் அதற்கு மருந்தே இல்லை. ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அல்லது ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) காற்று இழுக்கும் குழாயை வெளியே விடுங்கள். நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிக்கொள்கிறேன், மனதில் கிடக்கிறது. நான் எங்கே வேலை என்று சொன்னாலே "நொய்யலைக் கெடுத்துட்டு வீட்ல மீனுக்கு பிஎச் பாக்கறீங்களா" என்று கேட்பவர்கள் உண்டு, சொந்தத்திலேயே உண்டு. நொய்யல் ஆற்றுக்கு நடந்ததை நான் மறுக்கவில்லை. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது சாயத்தண்ணீர்தான், விவசாயிகள் பட்டது பெரும் பாடு. 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அந்தத் தீர்ப்பு தேவையாகவே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று நிலையத்துக்குள்ளேயே தண்ணீரைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் வேலையில் எங்களைப் போல எத்தனையோ பேர் ராத்திரி பகலாக நிற்கிறோம். மீட்டரின் எண்ணை நம்பலாமா என்று ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் சந்தேகப்படக் கற்றுக்கொண்டது அங்கேதான். அந்த வேலையை யாரும் கேவலமாகப் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டம்ளரில் எவ்வளவு வந்தது, எந்த நேரத்தில் அளந்தீர்கள், கிட்டின் அளவு எதிலிருந்து எதுவரை என்று கீழே எழுதுங்கள். காரத்தன்மை எத்தனை டிகேஎச் என்பதையும் கட்டாயம் அளந்து சேர்த்து எழுதுங்கள், அது தெரியாமல் பிஎச்சை மட்டும் வைத்து என்னால் மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் சம்ப்புக்குப் பின்னால் இருக்கும் வயர்களை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.