கேஸ் கீசரிலிருந்து ஹீட் பம்புக்கு: ஏரிக்கரை வீட்டுக்கு எது பொருந்தும்?

கேள்வி: புதுச்சேரி ஊசுட்டேரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நாங்கள் மூன்று பேர். மாடியில் நான்கு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். குளிக்க வெந்நீருக்கு இரண்டு கேஸ் கீசர்கள், 19 கிலோ சிலிண்டரில் ஓடுகின்றன. அமெரிக்காவின் மிச்சிகனில் இருக்கும் என் மைத்துனர் தன் ஏரிக்கரை வீட்டில் புரோப்பேன் ஹீட்டரை எடுத்துவிட்டு, ஏரிக்குள் குழாய் இறக்கி ஹீட் பம்ப் போட்டிருக்கிறார். நாங்களும் அப்படிச் செய்யலாமா? எந்த அளவு வாங்க வேண்டும்? உப்புத் தண்ணீருக்குத் தாங்குமா?

பதில்: ஹீட் பம்ப், அதாவது வெளியிலுள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் எந்திரம், உங்களுக்கு நிச்சயமாகப் பொருந்தும். ஏரிக்குள் குழாய் மட்டும் வேண்டாம்.

உங்கள் மைத்துனருக்கு வெந்நீர் மட்டும் போதாது, வீடு முழுவதையும் சூடாக்க வேண்டும். அங்கே குளிர்காலத்தில் வெளிக்காற்று பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஆனால் தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் மேலே பனிக்கட்டி உறைந்தாலும் ஆழமான ஏரியின் அடியில் 4 டிகிரி நிலைக்கும். உறைபனிக் காற்றைவிட அந்த நீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுவது எளிது. புதுச்சேரியில் மார்கழி விடியலில்கூடக் காற்று 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. காற்றே இவ்வளவு வெப்பத்தைச் சுமந்திருக்கும்போது ஏரியைத் தேடிப் போகத் தேவையில்லை. ஊசுட்டேரி ஆழமில்லாதது, கோடையில் நீர் வற்றிக் கரையைவிட்டு விலகிவிடும். அது பறவைகள் சரணாலயமும்கூட. அதில் குழாய் போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வாட்டர் ஹீட்டர் வகை.

இது ஏசி எந்திரத்தின் மறுபக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றின் வெப்பத்தை ஒரு காயில் வாங்குகிறது, கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடேற்றுகிறது, தொட்டியைச் சுற்றிய இன்னொரு காயில் அதைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. மின்சாரம் வெப்பத்தை இடம் மாற்றுவதற்குத்தான் செலவாகிறது. நம் ஊர்க் காற்றில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்றரை யூனிட் வெப்பம் கிடைக்கும் என்று கணக்குப் போடலாம். இதைவிடப் பெரிய எண்ணை விளம்பரத் தாளில் பார்த்தால், எந்தக் காற்று வெப்பத்தில், எந்த நீர் வெப்பத்தில் அளந்தது என்று கேளுங்கள்.

இனி அளவு. பலர் தவறுவது இங்கேதான். ஆறு லிட்டர் கேஸ் கீசர் பற்றவைத்த நொடியில் 10 கிலோவாட் வெப்பம் கொடுக்கிறது. வீட்டு ஹீட் பம்ப் கொடுப்பது மூன்றரை, நான்கு கிலோவாட்தான். அது நிதானமான வேலைக்காரன், கேட்ட நொடியில் தராது, முன்கூட்டியே செய்து வைக்கும். ஆகவே எந்திரத்தின் பெயரைவிடத் தொட்டியின் கொள்ளளவை முதலில் முடிவுசெய்யுங்கள்.

ஷவரில் எட்டு நிமிடம் குளித்தால் 64 லிட்டர் போகும். குளிக்கும் நீர் 40 டிகிரி, தொட்டி நீர் 55, பச்சைத் தண்ணீர் 27 என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 30 லிட்டர், வெந்நீர். பக்கெட்டில் குளிப்பவருக்கு 20 லிட்டர் போதும். விருந்தினர் எட்டுப் பேருக்கு 240, வீட்டாருக்கு 60, ஆக 300 லிட்டர். இதில் பெரும்பகுதி காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில் இழுக்கப்படும். 300 லிட்டர் தொட்டியில் சூடு குறையாமல் எடுக்க முடிவது சுமார் 240 லிட்டர், ஏனென்றால் கீழே புகும் பச்சைத் தண்ணீர் கடைசியில் கலந்துவிடும். மீதியை அந்த இரண்டு மணி நேரத்தில் எந்திரமே ஈடுகட்டிவிடும். விலை குறைவு என்று 200 லிட்டர் வாங்கினால் நான்காவது அறைக்காரர் பச்சைத் தண்ணீரில் குளிப்பார்.

செலவுக் கணக்கும் இதிலிருந்தே வருகிறது. 300 லிட்டரை 28 டிகிரி உயர்த்த 9.8 யூனிட் வெப்பம் வேண்டும். கேஸ் கீசரில் ஐந்தில் ஒரு பங்கு புகையோடு போய்விடுவதால் ஏறக்குறைய 0.96 கிலோ வாயு எரியும். அறைகள் நிறைந்திருந்தால் ஒரு சிலிண்டர் 20 நாள். ஹீட் பம்பில் தொட்டியின் வெப்ப இழப்பையும் சேர்த்தால் நாளைக்கு 3.3 யூனிட். கணக்குக்காக வாயு கிலோ 100 ரூபாய், மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 96 ரூபாய் 26 ரூபாயாகக் குறைகிறது. உங்கள் சிலிண்டர் ரசீதிலும் மின் ரசீதிலும் உள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள். அறைகள் பாதி நாள் காலி என்றால் சேமிப்பும் கிட்டத்தட்டப் பாதிதான். எந்திரத்தின் விலையை அந்தச் சேமிப்பால் வகுத்த பிறகே முன்பணம் கொடுங்கள். சாதாரண மின் கீசருக்கு மாறினால் அதே வேலைக்குப் பத்து யூனிட் ஆகும், அந்த மாற்றத்தில் பெரிய லாபம் இல்லை.

தண்ணீரும் உப்பும்

இங்கே ஹீட் பம்பைக் கொல்வது குளிர் அல்ல, போர் தண்ணீரும் உப்புக்காற்றும்தான். முதலில் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கடினத்தன்மை, குளோரைடு இரண்டும் கட்டாயம் அதில் இருக்கட்டும், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) மட்டும் போதாது. கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டினால் அதைக் குறைக்கும் சாஃப்ட்னர் வையுங்கள். குளோரைடு அதிகம் என்றால் 304 ரக எவர்சில்வர் தொட்டியில் வெல்டிங் ஓரங்களில் ஊசித்துளை விழும். 316எல் ரகத் தொட்டி, அல்லது மெக்னீசியம் ஆனோடு கம்பியுள்ள கண்ணாடிப் பூச்சுத் தொட்டி நல்லது. அந்தக் கம்பி தான் கரைந்து தொட்டியைக் காப்பாற்றுகிறது. சாஃப்ட்னர் தண்ணீரில் இன்னும் வேகமாகக் கரையும். முதல் ஆறாவது மாதத்தில் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், பாதிக்கு மேல் போயிருந்தால் அடுத்த மாற்றுக்கு அதையே காலக்கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை மேல்பக்கம் உருவ வேண்டியிருந்தால் தொட்டிக்கு மேலே அதன் நீளத்துக்கு இடம் விட்டிருக்க வேண்டும். பொருத்தும் நாளில் இதை யாரும் நினைப்பதில்லை.

சுண்ணாம்புப் படிவு 60 டிகிரிக்கு மேல் வேகமாகச் சேரும். அதனால் அன்றாட வெப்பத்தை 55-இல் வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் 60-க்கு ஏற்றி எல்லாக் குழாய்களிலும் சில நிமிடம் ஓடவிடுங்கள். பூட்டிக் கிடக்கும் அறைகளின் குழாய்களில் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், அதற்காகத்தான் இது. அந்த நீர் தோலைச் சுடும், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளி யூனிட்டின் அலுமினிய ஃபின்களுக்கு (காயிலில் அடுக்கிய மெல்லிய தகடுகள்) அரிப்பைத் தடுக்கும் பூச்சு இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஊசுட்டேரி கடலிலிருந்து தள்ளி இருப்பதால் உங்களுக்கு உப்புக்காற்று அவ்வளவு கடுமை இல்லை. சுண்ணாம்பாற்றுக் கரையிலும் கடலூர் உப்பனாற்றுக் கரையிலும் இருப்பவர்கள் பூச்சில்லாத காயிலை வாங்கவே கூடாது, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவ வேண்டும். உங்கள் எதிரி வேறு: ஏரிப் பூச்சிகள். இரவு விளக்குக்கு வந்து ஃபின் இடுக்குகளில் செத்து ஒட்டிக்கொள்ளும். காற்று அடைபட்டால் எந்திரம் குறையழுத்தப் பிழை காட்டி நின்றுவிடும், உள்ளே சுற்றும் குளிர்பதன கேஸ் தீர்ந்துவிட்டது என்று மெக்கானிக் நிரப்பிவிட்டுப் போவார். யூனிட்டுக்கு மேலே விளக்கு வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் காயிலைக் கழுவிப் பாருங்கள்.

பொருத்தும்போது

நிறைந்த 300 லிட்டர் தொட்டி கிட்டத்தட்ட 400 கிலோ. மாடித் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர் அல்லது பீம் மேல் வையுங்கள். தரையில் வைத்தால், நீங்கள் பார்த்த வெள்ளத்தின் உச்ச மட்டத்துக்கு 45 செ.மீ. மேலே மேடை கட்டுங்கள். 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, அந்த மட்டம் உங்கள் சுவரில் இன்னும் தெரியலாம். 2011-இன் ‘தானே’ புயலின் காற்றையும் நினைத்து, யூனிட்டை எவர்சில்வர் ஆங்கர் போல்ட்டால் நான்கு மூலையிலும் இறுக்குங்கள், அடியில் ரப்பர் பட்டை வையுங்கள். விருந்தினர் தலைமாட்டுச் சுவரில் பொருத்தாதீர்கள், ஓடும் ஓசை இரவில் கேட்கும்.

வெந்நீர்க் குழாய் சிபிவிசியாக இருக்கட்டும், சாதாரண யுபிவிசி வளைந்துவிடும். முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால் வெந்நீர் வரும் முன் மூன்று, நான்கு லிட்டர் வீணாகும். தொட்டியை நான்கு குளியலறைகளுக்கும் நடுவில் கொண்டுவாருங்கள், குழாய்க்கு 13 மி.மீ. நைட்ரைல் நுரை உறை போடுங்கள், வெயில் படும் இடத்தில் அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வ் போட்ட அமைப்பில் ஒரு விஷயத்தைத் தவறவிடாதீர்கள். 300 லிட்டர் சூடாகும்போது மூன்று லிட்டருக்கு மேல் விரியும். அது திரும்பிப் போக வழி இல்லாததால், அதிக அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வ் சொட்டும். ‘ஒழுகுகிறது’ என்று அதன் வாயை அடைத்துவிடும் பிளம்பர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் தொட்டி வெடிக்கலாம். விரியும் நீரை வாங்கிக்கொள்ளும் 24 லிட்டர் விரிவுக்கலம் ஒன்று வைத்தால் சொட்டு நின்றுவிடும். ரிலீஃப் வால்வின் கைப்பிடியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூக்கிவிடுங்கள். காயிலிலிருந்து வடியும் தண்ணீரும் உண்டு, நம் ஈரக்காற்றில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர். அதற்குத் தனி வடிகுழாய் சரிவாக வேண்டும்.

மின்சாரத்துக்குத் தனி லைன்: 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி (மிகை மின்னோட்டத்தில் அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவில் அணையும் சுவிட்ச்), நல்ல எர்த். மின்னழுத்தம் ஆடும் இடம் என்றால் ஸ்டெபிலைசரும். டைமரைப் பகல் பன்னிரண்டிலிருந்து நான்குக்கு வையுங்கள். காற்று சூடாக இருக்கும் நேரத்தில் அதே வெந்நீருக்குக் குறைந்த மின்சாரம் போதும். விடியும் வரை சில டிகிரிதான் இறங்கும், காலை ஐந்திலிருந்து குளியல் முடியும் எட்டரை வரை இன்னொரு முறை ஓட வைத்தால் ஈடாகிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் எந்திரம் அனுமதிக்கும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டு ஐசொலேட்டரை (எந்திரத்தின் தனி மெயின் சுவிட்ச்) அணைத்துவிடுங்கள். அதிகம் செலவழிக்காவிட்டால் இரண்டு நாளுக்கு வெதுவெதுப்பு இருக்கும்.

சில எந்திரங்களில் ஆர்290 என்ற குளிர்பதன வாயு இருக்கும். அது புரோப்பேனேதான். அளவு சிறிது, மூடிய சுற்றில் இருக்கும். ஆனாலும் காற்றோட்டமில்லாத அறையிலோ பள்ளத்திலோ வைக்கக் கூடாது, பயிற்சி பெற்றவர்தான் திறக்க வேண்டும்.

பழைய கேஸ் கீசரில் ஒன்றை ‘இருக்கட்டும், அவசரத்துக்கு’ என்று குளியலறையில் விட்டுவைக்க நினைப்பீர்கள். வேண்டாம். ஜன்னல் மூடிய சிறிய அறையில் அது கார்பன் மோனாக்சைடை நிரப்பும், வாசனையும் இருக்காது, உள்ளே குளிப்பவர் உதவி கேட்கும் முன் மயங்கிவிடுவார். அவசரத்துக்குத் தொட்டிக்குள் இருக்கும் மின் ஹீட்டர் கம்பியே போதும். ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிட்டு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கழற்றுங்கள். வால்வை மூடியதோடு நிறுத்தாமல், சுவரில் மிஞ்சும் ஒவ்வொரு குழாய் முனைக்கும் உலோக பிளக் போட்டு, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்த பிறகே அவரை அனுப்புங்கள்.