மீன் தொட்டியில் மணி பிளாண்ட் வளர்த்தால் தண்ணீர் மாற்றும் வேலை குறையுமா?

வீட்டுச் செடிகளின் வேரை மீன் தொட்டிக்குள் விட்டு வளர்க்கலாமா, மீனுக்கு ஆபத்து வருமா, தண்ணீர் மாற்றாமலே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வளர்க்கலாம். பெரும்பாலான மீன்களுக்கு ஆபத்தும் இல்லை. தண்ணீர் மாற்றும் விஷயத்தில்தான் பலர் செடியை நம்பி ஏமாந்துபோகிறார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தொட்டிக்குள் நடப்பது இதுதான். மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியே விடுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி அதோடு சேரும். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. ஆனால் சாதாரண ஃபில்டர் வேலை அதோடு முடிந்துவிடுகிறது, நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். நாம் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவதே பெரும்பாலும் அதை வெளியே ஊற்றத்தான்.

செடிக்கோ அதுதான் உரம். நீருக்குள் மூழ்கி வளரும் செடிகளும் நைட்ரேட்டை எடுக்கும், ஆனால் அவற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு எப்போதும் பற்றாக்குறை. தண்ணீரில் அந்த வாயு பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. மணி பிளாண்டுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இலை வெளியே நின்று காற்றிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும், வேர் தண்ணீரில் இருந்து சாப்பிடும். அதனால்தான் தொட்டியின் மேல் வைத்த கொடி அப்படித் தழைக்கிறது. வேகமாக வளரும் செடிதான் நைட்ரேட்டையும் வேகமாக இழுக்கும். அழகுக்கு ஒன்று வைப்பதும் தண்ணீருக்காக வைப்பதும் வேறு வேறு. தண்ணீருக்காக என்றால் மணி பிளாண்ட், சிங்கோனியம், கொடியாகப் படரும் ஃபிலோடெண்ட்ரான் இவற்றில் ஒன்றைத்தான் எடுப்பேன். லக்கி பேம்பூ பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மெதுவாக வளர்வதால் பெரிதாக உதவாது. பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளாண்ட் இரண்டும் வளரும். ஆனால் இலைகள் எல்லாம் சேரும் அடிப்பகுதி தண்ணீரைத் தொடக்கூடாது, தொட்டால் அழுகிவிடும்.

மண்ணில் வளர்ந்த செடியைக் கழுவி அப்படியே இறக்குவதைவிட, கொடியில் இருந்து ஒரு துண்டு வெட்டி வைப்பதே மேல். மண்ணில் பழகிய வேர்களில் பாதி தண்ணீரில் அழுகும், அந்த அழுகல் மறுபடி அமோனியாவாகத்தான் மாறும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கணுவைப் பார்த்தால் பழுப்பாக ஒரு சின்ன முண்டு தெரியும், வேர் கிளம்புவது அங்கிருந்துதான். கணு இல்லாத தண்டை எத்தனை நாள் தண்ணீரில் வைத்தாலும் இலை பச்சையாக நிற்குமே தவிர, கொடி வளராது. வெட்டியதும் சில மணி நேரம் வெளியே வைத்து, வெட்டுவாய் காய்ந்து சாறு வடிவது நின்ற பிறகு, வேறு பாத்திரத்தில் நல்ல தண்ணீரில் வேர் விடவையுங்கள். விரல் நீளத்துக்கு வேர் வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். புது வேர் வெள்ளையாக, தடியாக இருக்கும். அதில் பக்க வேர்கள் கிளைத்து மெல்லிய தாடி போலத் தொங்க ஆரம்பித்தால் செடி பிடித்துவிட்டது என்று அர்த்தம். பழுப்பாகி, தொட்டால் கொழகொழவென்று தோல் உரிகிற வேரை உடனே வெட்டி எடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்கிய செடியில் பூச்சிமருந்து அடித்திருக்கலாம். சில மருந்துகள் செடியின் உள்ளேயே தங்கும், கழுவினால் போகாது. மீனைவிட இறாலுக்கு இது பெரிய ஆபத்து. எனக்குத் தெரிந்த செடியில் இருந்து வெட்டிய துண்டைத்தான் நான் தொட்டியில் வைப்பேன்.

இனி மீன்கள். மணி பிளாண்டின் தண்டிலும் இலையிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற படிகங்கள் உண்டு, கடித்தால் வாய் எரியும். கப்பி, மாலி, டெட்ரா போன்ற சின்ன மீன்கள் வேரைக் கொறிப்பதில்லை, அதில் படியும் மெல்லிய பாசியை மட்டும் மேயும். என் தொட்டியில் கப்பிக் குஞ்சுகளுக்குப் பெரிய மீன்களிடம் இருந்து தப்பிக்கும் இடமே இந்த வேர்க்கற்றைதான், இறாலும் நாள் முழுக்க அங்கேயே கிடக்கும். கோல்டு ஃபிஷ், ஆஸ்கர் இருந்தால் வேரை இழுத்துப் பிய்த்துவிடும். அப்படியான தொட்டியில் செடியை ஃபில்டரின் மேல்பெட்டியிலோ, துளையுள்ள தடுப்புக்குள்ளோ வைக்கலாம். மேல்பெட்டியில் வைத்தால் வேர் பம்ப் பக்கம் போகாமல் அவ்வப்போது கத்தரிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நுழைந்து மோட்டாரை நிறுத்திவிடும். பூ ஜாடியில் ஃபைட்டர் மீனைப் போட்டு மேலே பீஸ் லில்லி வைத்து, மீன் வேரைத் தின்று வாழும் என்று சொல்வார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அது பூச்சி, புழு தின்னும் மீன், மேலே வந்து காற்றை விழுங்கவும் வேண்டும். வேர் மேற்பரப்பை அடைத்துக்கொண்டால் அது திணறிப்போகும்.

சரி, தண்ணீர் மாற்றுவது. செடி நைட்ரேட்டைக் குறைக்கும், அதனால் பாசியும் மட்டுப்படும், தண்ணீர் மாற்றும் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம். ஆனால் மாற்றவே வேண்டாம் என்பது சரியல்ல. இலை வழியாகவும் மேற்பரப்பில் இருந்தும் தண்ணீர் ஆவியாகும், உப்புகள் மட்டும் தொட்டியிலேயே தங்கும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாகக் குழாய்த் தண்ணீரை மட்டுமே ஊற்றிக்கொண்டிருந்தால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும், நைட்ரேட் பூஜ்யம் காட்டினாலும் அது தெரியாது. ஆக்சிஜன் விஷயமும் அப்படித்தான். இலை வெளியே இருப்பதால் அது விடும் ஆக்சிஜன் அறைக்குத்தான் போகிறது, மீனுக்கு இல்லை. வேரோ தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் சுவாசிக்கும். ஆகவே செடி வைத்தாயிற்று என்று ஏர் பம்பை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். புதுத் தொட்டியில் பாக்டீரியா வளரும் முன் மீனை நிரப்பிவிட்டு, அமோனியாவைச் செடி பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதும் ஆபத்து.

புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற இடம் வெளுத்தால் இரும்புச்சத்து போதவில்லை. மீன் தீனியில் இருந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் தாராளமாக வரும், இரும்பும் பொட்டாசியமும் அவ்வளவாக வராது. மீன் தொட்டிக்கென்றே விற்கும் திரவ உரம் கொஞ்சம் விட்டால் போதும், தோட்ட உரம் வேண்டாம். மீனுக்கு நோய் வந்து உப்போ மருந்தோ போடும்போது செடியைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் பூனை, நாய் இருந்தால் கொடி அவற்றுக்கு எட்டாத பக்கம் படரட்டும்.

செடி வைப்பதற்கு முன்பே டெஸ்ட் கிட்டில் (தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி) நைட்ரேட்டைப் பார்த்து எழுதி வையுங்கள். வேர் நன்றாகப் பிடித்த பிறகு, வழக்கமாகத் தண்ணீர் மாற்றும் நாளுக்கு முன்தினம் மறுபடி பாருங்கள். 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழேயே நின்றால் இடைவெளியைச் சில நாள் நீட்டி, மறுபடி அளந்து பாருங்கள். 40-ஐத் தாண்டினால் செடியை நம்பிக் காத்திருக்க வேண்டாம், முதலில் தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் மீன் அதிகமா, தீனி அதிகமா என்று பாருங்கள்.