கரைக்குத் திரும்புதலும் விசுவாசமும் – கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா,

நான் அமெரிக்காவின் மினசோட்டாவில் வசிக்கிறேன். எங்கள் சபையின் வாலிபர்கள் சிலர் கோடைக்காலத்தில் சுப்பீரியர் ஏரிக்குச் சென்று கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகு ஓட்டுகிறோம். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் ஒரு தியானம் இருக்கும். துடுப்பு ஜெபத்துக்கும், உயிர்காப்புச் சட்டை இரட்சிப்புக்கும், அமைதியான நீர் தேவ சமாதானத்துக்கும் அடையாளம் என்று சொல்லப்படும். சென்ற முறை அப்போஸ்தலர் தீவுகளுக்கு எதிரே, விஸ்கான்சின் கரையோரம் இருக்கும் குகைகளைப் பார்க்கப் புறப்பட்டோம். காற்று வலுத்ததால் வழிகாட்டி சொன்னபடி பாதியிலேயே திரும்பிவிட்டோம். அன்றைய தியானத்தில் மூத்த சகோதரர் ஒருவர், “பேதுரு அலையைப் பார்த்ததால் அமிழ்ந்தார், நாமும் அலையைப் பார்த்துத்தான் திரும்பினோம்” என்றார். அதை என் மனம் ஏற்கவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. ஏரியில் விசுவாசத்தின் பாடங்களைத் தேடுவது சரிதானா? அடுத்த முறை படகுகளை ஒன்றுசேர்த்து நீரின் நடுவிலேயே தியானம் நடத்தலாம் என்கிறார்கள். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

எஸ்., மினசோட்டா

அன்புள்ள எஸ்.,

நீங்கள் திரும்பி வந்தது விசுவாசக் குறைவு அல்ல. மத்தேயு 14ஆம் அதிகாரத்தில் பேதுரு தாமாகத் துணிந்து படகைவிட்டு இறங்கவில்லை. நீரின்மேல் நடந்துவந்த ஆண்டவரிடம் “வா” என்ற ஒரு சொல்லைக் கேட்டுப் பெற்ற பிறகே இறங்கினார். மற்றச் சீஷர்களுக்கு அந்தச் சொல் கொடுக்கப்படவில்லை, படகிலேயே இருந்ததற்காக அவர்களை ஆண்டவர் கடிந்துகொள்ளவும் இல்லை. அழைப்பு இல்லாத இடத்தில் அலையின்மேல் கால் வைப்பதற்கு வேதம் வேறு பெயர் தருகிறது: தேவாலயத்து உப்பரிகையிலிருந்து கீழே குதிக்கும்படி பிசாசு சொன்னபோது நம் ஆண்டவர் மறுத்த, தேவனைப் பரீட்சை பார்க்கும் அந்தச் செயல் அது. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தையும் அந்தச் சகோதரரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அங்கே “இந்தப் பயணம் சேதத்தில் முடியும்” என்று எச்சரித்தவர் பவுல். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பிப் புறப்பட்டான். அந்தக் கப்பலில் இருந்த விசுவாச வீரர், போக வேண்டாம் என்று சொன்னவர்தான். புயலின் நடுவே, ஒருவரும் சாகமாட்டார்கள் என்ற வாக்குத்தத்தம் கிடைத்த பிறகும், மாலுமிகள் படகில் ஏறித் தப்பிவிடாதபடி தடுத்து, அவர்கள் கப்பலில் இருந்தால்தான் எல்லோரும் பிழைக்க முடியும் என்று சொன்னவரும் அவரே. தேவனுடைய வாக்கும் மனிதருடைய கடற்பயிற்சியும் அவருக்குள் மோதிக்கொள்ளவில்லை.

நீங்கள் சென்ற ஏரி எத்தகையது என்பதையும் மறக்கக்கூடாது. ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர் பரப்பும், மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர் ஆழமும் கொண்ட நன்னீர்க் கடல் அது. ஜூன் மாதத்திலும் அதன் நீர் பல இடங்களில் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே இருக்கும். அந்தக் குளிரில் விழுகிற ஒருவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுக்குள் நிற்பதில்லை. அதற்குப் பின் சில நிமிடங்களில் விரல்கள் சொன்னபடி கேளாமல் போகின்றன. அந்தக் குகைகள் இருக்கும் மணற்கல் சுவர்களை ஒட்டிப் போகும்போது, சுவரில் பட்டுத் திரும்பும் அலை வருகிற அலையோடு மோதி நீரைத் தாறுமாறாகக் கொதிக்க வைக்கும், ஒதுங்கி ஏறுவதற்குக் கரையும் இருக்காது. உங்கள் வழிகாட்டி அந்த வேலையை அறிந்தவர். அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிந்ததும் நல்லதொரு கீழ்ப்படிதல்தான்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். ஏரியில் பாடம் தேடலாம். ஆனால் துடுப்பு ஜெபம், சட்டை இரட்சிப்பு என்கிற விளக்கங்களை வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்ல முடியும், அவற்றுக்கு ஏரி தேவையே இல்லை. அமைதியான நீரைத் தேவ சமாதானத்தோடு இணைப்பதை நான் இன்னும் உறுதியாக மறுப்பேன். மாற்கு 6ஆம் அதிகாரத்தில், சீஷர்களைத் துரிதப்படுத்தி அக்கரைக்கு அனுப்பியவர் ஆண்டவர். அவருடைய சொற்படி போன வழியில்தான் காற்று எதிராக இருந்தது. அவர்கள் தண்டு வலித்து வருத்தப்படுகிறதை அவர் கரையிலிருந்து கண்டார், ஆனாலும் நாலாம் ஜாமம்வரை வரவில்லை. எதிர்காற்று தேவ கோபத்தின் அடையாளமும் அல்ல, தட்டையான நீர் அவருடைய அங்கீகாரமும் அல்ல. இதை நம் ஜனங்கள் கற்றுக்கொண்டால், நோயுற்றவர்களிடமும் வேலை இழந்தவர்களிடமும் போய் “என்ன பாவம் செய்தாய்?” என்று கேட்கும் கொடுமை குறையும்.

ஏரி நமக்கு உண்மையாகவே கற்றுத்தருவது உடலின் வழியாக வருகிறது. பக்கவாட்டில் அலை வரும்போது, புதிதாகப் பழகுகிறவர் உடல் முழுவதையும் இறுக்கிக்கொண்டு, துடுப்பை மேலே தூக்கிப் பிடித்து, அசையாமல் இருக்கப் பார்ப்பார். கயாக் கவிழ்வது பெரும்பாலும் அந்த இறுக்கத்தால்தான். இடுப்பைத் தளர்த்திப் படகை அலையோடு சாய விட்டு, மேலுடலை நேராக வைத்து, துடுப்பை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளாமல் தொடர்ந்து வலிக்க வேண்டும். பயத்தில் இருக்கும் உடலுக்கு இது எளிதில் கைவராது, பலமுறை பழகிய பிறகே வரும். வியாகுலப்படாதிருங்கள் என்ற கட்டளையைச் சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த எனக்கு, அது கைகளைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லும் கட்டளை அல்ல, செய்ய வேண்டியதை இறுக்கமில்லாமல் செய்துகொண்டிருக்கச் சொல்லும் கட்டளை என்பது ஏரியில்தான் தசைகளுக்குள் இறங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாற்கு 4ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் படகின் பின்புறத்தில் நித்திரையாயிருந்த அந்தப் பயணத்தில், அவரோடு வேறு படவுகளும் இருந்தன என்று ஒரு சிறு குறிப்பு வருகிறது. பிரசங்கங்களில் அது பெரும்பாலும் கண்டுகொள்ளப்படுவதில்லை. அந்தப் படவுகளில் இருந்தவர்கள் அவரை எழுப்பவில்லை. காற்று ஏன் நின்றது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் அமைதி அவர்களுக்கும் கிடைத்தது. கயாக்கில் ஒவ்வொருவரும் தனித்தனிப் படகில் அமர்ந்திருக்கிறோம். கவிழ்ந்தவரோ பெரும்பாலும் மற்றொருவர் அருகே வந்து படகைத் தாங்கிப் பிடித்தால்தான் மறுபடியும் ஏறுகிறார். அதனால் வலிமையானவர் முன்னால் ஓடிவிடாமல், மிகவும் களைத்தவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்க வேண்டும். உங்கள் குழுவில் அன்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே திரும்பியிருந்தால், தியானத்தில் பேச வேண்டிய செய்தி அங்கே இருந்தது.

அந்த ஏரிக்கென்று விசுவாச வரலாறும் உண்டு. ஸ்லோவேனியாவில் பிறந்த கத்தோலிக்கக் குருவான ஃபிரெடரிக் பராகா 1835இல் அந்த ஏரியிலுள்ள மேடலின் தீவின் லா பாயின்ட்டில் ஊழியத்தைத் தொடங்கி, அப்பகுதியின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களின் மொழியைக் கற்று, 1853இல் அதற்கு அகராதியும் வெளியிட்டார். 1846இல் அவர் ஏரியைக் கடந்து வடகரைக்குச் செல்லும்போது புயல் பிடித்தது. உடன்வந்த லூயிஸ் காடின் செலுத்திய அந்தச் சிறு படகு, ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் பத்திரமாகக் கரைசேர்ந்தது. அங்கே நன்றியாக ஒரு மரச்சிலுவையை நட்டார்கள். இப்போது அவ்விடத்தில், மினசோட்டாவின் ஷ்ரோடரில், கற்சிலுவை நிற்கிறது. நீங்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் அதே ஏரியில் 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் சரக்குக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது, ஒருவரும் மீளவில்லை. மறுநாள் டெட்ராய்ட்டின் மாலுமிகள் ஆலயத்தில் போதகர் 29 முறை மணி அடித்தார். அந்த 29 பேரின் வீட்டாரிடம் சொல்ல முடியாத ஒரு பாடத்தை நாமும் ஏரிக்கரையில் சொல்லக்கூடாது. விசுவாசிக்கிறவன் மூழ்கமாட்டான் என்று பிரசங்கித்தால், மூழ்கியவர்களைக் குற்றவாளிகளாக்குகிறோம். பராகாவின் சிலுவை அப்படி எதையும் சொல்லவில்லை, கிடைத்த ஒரு நாளுக்காக நன்றி மட்டுமே செலுத்துகிறது. சிலுவையும் மணியும் ஒன்றாக இருக்கும் விசுவாசமே எனக்குத் தெரிந்த கிறிஸ்தவ விசுவாசம்.

தியானத்தைக் கரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீரின் நடுவில் படகுகளைக் கோத்துப் பிடித்துக்கொண்டு நின்றால் காற்று உங்களை அறியாமலே இழுத்துக்கொண்டு போகும், கண்களை மூடி ஜெபிக்கிறவர்கள் வானம் மாறுவதையும் கவனிக்கமாட்டார்கள். புறப்படும் முன் ஒரு சங்கீதம் வாசியுங்கள், அன்றைய காற்று முன்னறிவிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள், எந்த நிலை வந்தால் திரும்புவது என்பதை அங்கேயே பேசி முடிவுசெய்யுங்கள். அந்த முடிவைச் சொல்லும் பொறுப்பை அடுத்த முறை அந்த மூத்த சகோதரரிடமே கொடுக்கலாம். அவர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.