4294967297 பகா எண்தானா?

500 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தும் மீதி வந்துகொண்டே இருப்பதால், 4294967297 பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது. அதுவரை பார்த்தால்தான் முடிவு சொல்லலாம்.

நல்லவேளை, அவ்வளவு தூரம் போக வேண்டாம். இது 2³² + 1. இதற்குப் பகாக் காரணி இருந்தால் அது 128க + 1 (க ஒரு முழு எண்) என்ற வடிவில்தான் இருக்கும். 129, 257, 385, 513, 641... இவற்றில் 257-ம் 641-ம் மட்டுமே பகா எண்கள். 257 வகுக்காது. அடுத்த 641 வகுத்துவிடும்! நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான்.

வகுக்காமலே இதைக் காட்டலாம், எனக்கு மிகவும் பிடித்த வழி: 641 = 5×2⁷ + 1. எனவே 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில் (641 என்பது அங்கே பூஜ்யம்) 5×2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ = 1. அப்புறம் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ போடுங்கள்: −2³² = 1. அதாவது 2³² + 1-க்கு மீதி பூஜ்யம்.

மற்ற காரணி 6700417, அது பகா எண். கணித மேதை ஃபெர்மாவும் இந்த எண்ணைப் பகா எண் என்றே நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர்தான் இதைக் காரணிகளாக உடைத்தார்.