கொடுப்பதற்கென்று ஒதுக்கியவை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். சென்ற கார்த்திகையில் காலமானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் கேமராவில் போட்டார் என்று அம்மா இன்றும் குறைசொல்வாள். அவருடைய ஸ்டீல் பீரோவைத் திறந்தால் தோல் உறைகளில் லென்ஸ்கள். நிக்கான் எஃப்எம்2 கேமராவும் அதற்கான 28, 50, 105, 135 மி.மீ. லென்ஸ்களும், ஒரு பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், அதன் 50 மி.மீ. டாக்குமார், கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. ரஷ்ய ஹீலியோஸ் ஒன்று. ஒரு விவிட்டார் ஜூம். ஃபோகஸ் வளையமே இல்லாத, எதற்கென்று தெரியாத ஒரு சின்ன லென்ஸ். 135, ஹீலியோஸ், ஜூம் மூன்றிலும் உள்ளே பூஞ்சை இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.

நான் மொபைலில் மட்டும் படம் எடுப்பவள். நல்லவற்றைக் கூடத்தில் கண்ணாடி அலமாரி செய்து அப்பா படத்துக்குக் கீழே வைக்கலாம், பூஞ்சை பிடித்த மூன்றையும் ஏதாவது ஏழைப் பள்ளியின் புகைப்பட மன்றத்துக்கு அப்பா பெயரில் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அண்ணன் மொத்தமாக விற்றுவிடு என்கிறான். 105 மட்டும் என்னால் தரமுடியாது, அம்மாவின் நல்ல படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை. பூஞ்சை மற்ற லென்ஸ்களுக்குப் பரவுமா? டாக்குமாரில் கதிரியக்கம் இருக்கிறது என்கிறார்களே, வீட்டில் வைக்கலாமா? எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மேலே எழுதியிருக்கும் எண்ணைப் படித்துக் குறித்திருக்கிறீர்கள். அப்பா போனபின் பீரோவைத் திறக்க மனம் வராமல் வருடக்கணக்கில் பூட்டியே வைத்திருப்பவர்களைத் தெரியும். திறந்ததே பெரிய காரியம். அதற்காக உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இனி எழுதப்போவதை அந்த மரியாதையோடு சேர்த்துப் படியுங்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். டாக்குமாரின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது, மஞ்சள் அதனால்தான். உடைத்துப் பொடியாக்கி மூக்கில் இழுக்காதவரை வீட்டில் வைப்பதில் பயமில்லை. ஜன்னலோர வெயிலில் சில வாரங்கள் வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். ஆனால் ஒரு பக்கம் மூடி போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் திரைச்சீலை பற்றிக்கொள்ளும். பூஞ்சையின் வித்துகள் எங்கும் இருப்பவை, உங்கள் வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. அதற்கு வேண்டியது ஈரமும் இருட்டும் அசையாத காற்றும். ஸ்டீல் பீரோவில் தோல் உறை போட்டு வைத்தால் மூன்றும் தாராளமாகக் கிடைக்கும். அந்துருண்டை ஈரத்தை எடுக்காது. தோல் உறைகளைத் தூக்கி எறியுங்கள், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள், பூஞ்சை பிடித்தவற்றைத் தனி டப்பாவில் வையுங்கள். போதும்.

‘ஏழைப் பள்ளி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன்.

நண்பர்கள் சிலர் ஒரு கிராமத்தில் நூலகம் தொடங்கியிருக்கிறார்கள். நன்கொடையாக நூல்கள் கேட்டிருந்தார்கள். வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடுக்கப் போன மாதம் நானும் போயிருந்தேன். பாடத்திட்டம் மாறிப்போன நோட்ஸ்கள். விண்டோஸ் 98 கற்றுக்கொள்வது எப்படி. எப்போதோ முடிந்துபோன ஒரு வருடத்தின் ராசிபலன். பாதிக்குமேல் கரையான் தின்ற ஒரு தொகுப்பு. பெட்டிகளின் மேல் அனுப்பியவர்களின் பெயர் மட்டும் நல்ல தடித்த எழுத்தில் இருந்தது. மாலைவரை பிரித்தோம், அலமாரிக்குப் போனவை ஒரு கை அளவுதான். மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட வண்டிக் கூலியும் நண்பர்களே கொடுத்தார்கள். அன்றிலிருந்து இதே நினைப்பாக இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

2004 டிசம்பரில் கடல் வந்து போனபிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு இன்னொரு காட்சி நினைவிருக்கும். சாலையோரம் முழுக்கப் பழைய துணிக் குவியல். லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். கிழிந்த பாவாடை, கறைபட்ட சட்டை. வீடும் படகும் பிள்ளையும் போன மீனவர்கள் அதைத் தொடவில்லை. ‘எல்லாம் போன பிறகும் இவங்களுக்கு என்ன கொழுப்பு’ என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் மிக நல்ல மனிதர்கள், உங்களையும் என்னையும் போல.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் அதியமானைத் தேடிப் போகிறார். அவன் அவரை நேரில் பார்க்காமலே, இதைக் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்று பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். புலவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. என்னைக் காணாமல் தந்த பொருளை வாங்கிப்போக நான் வியாபாரியா என்கிறார். தினையளவு தந்தாலும் போதும், என் அளவை அறிந்து தா. 208ஆம் பாட்டு. வயிறு நிறைந்தவரின் வீம்பு என்று நினைக்கவேண்டாம். தன் வீட்டுப் பசியை 159, 160ஆம் பாட்டுகளில் அவரே பாடியிருக்கிறார். பசியோடுதான் அந்தப் பரிசிலைத் திருப்பியிருக்கிறார்.

உங்கள் அண்ணனைக் குறைசொல்லும் தொனியில் எழுதியிருக்கிறீர்கள். விற்பது உங்கள் தானத்தைவிட யோக்கியமான காரியம். வாங்க வருகிறவன் மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் அடித்து உள்ளே பார்ப்பான், வலை போலப் படர்ந்திருப்பதைக் காட்டுவான், உள்ளே வரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கிற அப்பெர்ச்சர் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பான், விலையைக் குறைப்பான். தானமாக வாங்குகிறவனுக்கு அந்த உரிமை எதுவும் இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று முதலிலேயே அவன் வாயை அடைத்துவிட்டோம். பள்ளியில் ஒரு குழந்தை அந்த 135ஐ மாட்டிப் படம் எடுக்கும். படம் மங்கலாக வரும். லென்ஸில் கோளாறு என்று அதற்குத் தெரியாது, தனக்குப் படம் எடுக்க வராது என்று நினைத்துக்கொள்ளும். உங்கள் அப்பாவின் பெயரால் அது நடக்கவேண்டுமா?

மன்னார்குடியில் நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் கையில் ஒரு பழைய பென்டாக்ஸ் கே1000 இருந்தது, 50 மி.மீ. லென்ஸோடு. தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் 135 வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. பிலிம் கழுவக் கொடுக்கும் ஸ்டுடியோவில் பாயிடம் ஒரு 135 சும்மா கிடந்தது. கடனாகவாவது கொடுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவர் பதில் சொல்லமாட்டார், என் நெகட்டிவை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சொன்னார்: “தம்பி, ஒன் படத்துல எல்லாரும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தன்கூட ஒன்னப் பாக்கல. 135 குடுத்தா இன்னும் ரெண்டு தெரு தள்ளிப் போயி நிப்ப.” மேஜை இழுப்பறையிலிருந்து 28ஐ எடுத்துக் கொடுத்தார்.

28 மி.மீ. வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றால் ஆள் எறும்பளவுதான் தெரிவார். கிட்டப் போயே ஆகவேண்டும். அந்தப் பங்குனியில் வெண்ணெய்த்தாழி அன்று கூட்டத்துக்குள் போனேன். பெருமாள் மேல் எறிகிற வெண்ணெய் என் தலையிலும் பில்டரிலும் விழுந்தது. “ஓரமாப் போடா” என்று ஒரு பாட்டி முழங்கையால் இடித்தாள், இடித்துவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். என் படத்தில் முதன்முதலாக என்னைப் பார்த்த முகம். பிரிண்டைப் பார்த்த பாய் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பில்டர சோப்புப் போட்டுக் கழுவுனியா?” என்று மட்டும் கேட்டார்.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. அதற்குப் பிறகு கடைப்பையன் சொல்லித்தான் தெரியும், வீட்டுக் கல்யாணங்களில் சின்னக் கூடத்துக்குள் குரூப் போட்டோ எடுக்க அவரிடம் இருந்த ஒரே லென்ஸ் அதுதான். என்னிடம் தந்துவிட்டு, முகூர்த்த நாட்களில் இன்னொரு ஸ்டுடியோவில் இரவல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சும்மா கிடந்தது 135. அதைத் தந்திருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆகவே எஸ்., நீங்கள் கொடுக்கவேண்டியது அந்த 105.

கோபப்படாதீர்கள். 105 எஃப் 2.5 முகத்துக்கென்றே பிறந்த லென்ஸ். ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே முகம் சட்டத்தை நிறைக்கும். எதிரில் இருப்பவருக்கு மூக்கருகே வந்துவிட்டார்களே என்ற கூச்சமும் வராது. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராபிக் அட்டையில் வந்த பச்சைக்கண் ஆப்கன் பெண்ணை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்டீவ் மெக்கரி முந்தைய வருடம் பாகிஸ்தானின் அகதி முகாமில் எடுத்தது. கேமரா எஃப்எம்2, லென்ஸ் இந்த 105. உங்கள் அப்பாவின் பீரோவில் இருந்த அதே ஜோடி. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து வெள்ளிக்கிழமை தூசி தட்டப்போகிறீர்களா?

அம்மாவின் படங்கள் அதில் எடுத்தவை என்கிறீர்கள். அந்த முகம் நெகட்டிவில் இருக்கிறது. எட்டு லென்ஸுக்குக் கணக்கெழுதிய நீங்கள் நெகட்டிவ்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தேடுங்கள். அவற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

105ஐ யாருக்குக் கொடுப்பது? அதை நான் சொல்லமுடியாது, நீங்கள்தான் போய்ப் பார்க்கவேண்டும். கல்யாண மண்டபங்களில் ஃபிளாஷ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன்கள், பெண்கள் இருக்கிறார்கள். மொபைலில் தாங்கள் எடுத்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். முகங்களை எடுக்கிறவர் ஒருவர் அகப்படுவார். அவரிடம் என்ன கேமரா இருந்தாலும் அனேகமாகப் பொருந்தும். நிக்கான், கேமராவில் லென்ஸை மாட்டும் வாயான தன் எஃப் மவுண்ட்டை 1959இல் கொண்டுவந்தபோது மவுண்ட்டுக்கும் பிலிமுக்கும் 46.5 மி.மீ. இடைவெளி வைத்தார்கள். உள்ளே கண்ணாடி இல்லாத இப்போதைய மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராக்களில் அது சோனிக்கு 18, நிக்கானின் இசட்டுக்கு 16. மிச்ச இடத்தை ஒரு உலோக வளையம் நிரப்பிவிடும். ஃபோகஸைக் கையால் திருப்பவேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒருவர் கிடைக்க ஒரு வருடம் ஆனால் ஆகட்டும். பூஞ்சை வராமல் வைத்திருங்கள்.

அதுவரை அந்த 105 சும்மா இருக்கவேண்டியதில்லை. எஃப்எம்2வில் பேட்டரி செத்திருந்தாலும் ஷட்டர் ஓடும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர்தான் காட்டாது. 400 ஐஎஸ்ஓ பிலிம் ரோல் ஒன்று போட்டு, பகலில் திண்ணை நிழலில் அப்பெர்ச்சர் எஃப் 4, ஷட்டர் 1/250 வினாடி வைத்து அம்மாவை எடுங்கள். ஒரு ரோலில் 36 படம். அந்த லென்ஸுக்குப் பழக்கமான முகம் அவருடையது, யாருக்குக் கொடுக்கலாம் என்று அவரிடமும் கேளுங்கள். நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் தெரியவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கென்று 50ஐ வைத்துக்கொள்ளுங்கள், எஃப்எம்2வோடு. 28ஐயும் டாக்குமாரையும் விற்றுப் பணத்தை அண்ணனோடு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அவர் வாயும் அடங்கும். ஃபோகஸ் வளையம் இல்லாத சின்ன லென்ஸ், நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரில் மாட்டுவது, அப்பா வீட்டிலேயே பிரிண்ட் போட்டிருக்கிறார். ராத்திரிகளில் குளியலறையை இருட்டறையாக்கி யார் அடைத்துக்கொண்டார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அதையும் வைத்துக்கொள்ளுங்கள், விற்றால் பெரிதாக ஒன்றும் வராது.

135இன் பூஞ்சை புதிதாக இருந்தால் கழற்றித் துடைத்தால் போய்விடும், பழையதென்றால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருக்கும். சுத்தம் செய்யும் கூலியை நீங்கள் கொடுங்கள். ஒரு ரோல் எடுத்துப் பார்த்து, தெளிவாக வந்தால் அந்தப் பள்ளிக்குக் கொடுங்கள், அவர்களிடம் மாட்டுவதற்கு கேமரா இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. ஹீலியோஸ் எளிய அமைப்பு, லென்ஸ் கழற்றப் பழகுகிற யாராவது கேட்டால் பூஞ்சை இருப்பதைச் சொல்லித் தரலாம். ஜூமில் கண்ணாடிகள் ஏராளம், சுத்தம் செய்யும் கூலி அதன் விலையைத் தாண்டிவிடும். ரிப்பேர்காரரிடம் உதிரி பாகத்துக்கென்று கொடுத்துவிடுங்கள். 135க்கான கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்.