ஸ்கேன் ரிப்போர்ட்டை பாத்ததுல இருந்து தூக்கமே இல்ல

மேடம், என் பையன் 29வது வாரத்துலயே பொறந்துட்டான், 1 கிலோ 150 கிராம்தான், என்ஐசியூல 52 நாள் வச்சிருந்து, டியூ டேட் நெருங்குறப்ப மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தாங்க, ஒயிட் மேட்டர்ல மைல்டா மாற்றம் இருக்குன்னு ரிப்போர்ட், டாக்டர் "பாத்துக்கலாம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை பீரோல வச்சு பூட்டிட்டார், ஆனா என் போன்ல போட்டோ இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு அதைப் பாத்துகிட்டு தேடிகிட்டே இருப்பேன். தூங்குற புள்ள கண்ணுல டார்ச் அடிச்சுப் பாக்குறேன், காதுகிட்ட சொடக்கு போடுறேன். நாத்தனார் புள்ளையும் அதே மாசம்தான், ஆறு மாசத்துல குப்புற விழுந்து தவழப் பாக்குது, இவன் இன்னும் குப்புறவே விழல. மாடிப்படி ஏறி இறங்கினதாலதான் இப்படி ஆச்சோ?
– பேர் வேண்டாம், மதுரை

அன்புள்ள தங்கைக்கு,

முதல்ல அந்த டார்ச்சை வைங்க. படி ஏறினதால குறைமாசப் பிரசவம் ஆச்சுன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்லம்மா, அதை இன்னைக்கோட விட்டுருங்க.

உங்க பையன் 11 வாரம் முன்னாடியே வந்தவன், அதைக் கழிச்சுதான் வயசை கணக்கு போடணும். அப்படிப் பாத்தா அவனுக்கு மூணரை மாசம், நாத்தனார் புள்ளைக்கு ஆறு. மூணரை மாசத்துல குப்புற விழலன்னா யாரும் கவலைப்பட மாட்டாங்க (மாமியார்ங்க தவிர).

ஒயிட் மேட்டர்ங்கறது மூளைக்குள்ள ஓடுற ஒயரிங் மாதிரி. நியூசிலாந்துலயும் மெல்போர்ன்லயும் 167 குறைமாசக் குழந்தைங்களுக்கு இதே மாதிரி ஸ்கேன் எடுத்து, ரெண்டு வயசு வரைக்கும் பாத்தாங்க, 2006ல வெளியான ஆய்வு. மாற்றம் ஓரளவோ அதிகமாவோ இருந்த புள்ளைங்களுக்குதான் கை கால் அசைவுலயும் கத்துக்கறதுலயும் பிரச்சனை நிறைய வந்துச்சு. ஆனா அவங்கள்லயும் நல்லா வளந்தவங்க உண்டு, ஸ்கேன் சுத்தமா இருந்தும் பின்தங்கினவங்களும் உண்டு. மைல்டுன்னா பயமே வேண்டாம்னு நான் பொய் சொல்லல, ஆனா இந்தப் படம் உங்க ஒரு புள்ளையோட ஜாதகம் கிடையாது. இந்த எம்ஆர்ஐய எல்லா குறைமாசக் குழந்தைக்கும் வழக்கமா எடுக்க வேண்டாம்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2015ல சொல்லிடுச்சு.

இப்ப உருப்படியா ஒண்ணு இருக்கு. சரிசெஞ்ச வயசு (முன்கூட்டி வந்த வாரங்களைக் கழிச்ச வயசு) 3 – 5 மாசத்துல, முழிச்சிருக்குற குழந்தைய மல்லாக்கப் படுக்க வச்சு சில நிமிஷம் வீடியோ எடுத்து, கை, கால், கழுத்துல வர்ற சின்னச் சின்ன நெளிவுகளை, பயிற்சி எடுத்தவங்க பாப்பாங்க. ஸ்கேனோட சேத்துப் பாத்தா கணிப்பு இன்னும் தெளிவா இருக்கும், உங்க பையன் சரியா அந்த வயசுலதான் இருக்கான். டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில இருக்குற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துலயும் (குழந்தையோட வளர்ச்சியப் பாத்து, சின்ன வயசுலயே உதவுற இடம்) விசாரிங்க, காசு கிடையாது. பிசியோ தேவைப்பட்டா சின்ன வயசுலயே தொடங்குறது நல்லது.

அப்புறம் நீங்க. இந்தத் தவிப்பும் தூக்கமின்மையும் ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா அது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வா இருக்கலாம், அரசோட மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம். அந்த போட்டோவை வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பிட்டு உங்க போன்ல அழிச்சிருங்க, பூட்டி வச்சாரே, அவரும் பயந்துதான் இருப்பார். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிட்டுப் போங்க, ரிப்போர்ட்டை அவரே பீரோல இருந்து எடுத்துட்டு வரட்டும்.