ஜப்பான் பிடித்த சீனத் துறைமுகங்களில் பிரிட்டிஷ், அமெரிக்கக் கப்பல்களை எந்த உரிமையில் தடுத்தார்கள்?

நேரடியாகச் சொன்னால், சட்டப்படி அந்த உரிமை ஜப்பானிடம் இல்லை. 1937 ஆகஸ்ட்டில் அது சீனக் கடற்கரைக்கு முற்றுகை அறிவித்தபோது, அது சீனக் கப்பல்களுக்கு மட்டும்தான். போர் என்று முறைப்படி அறிவித்திருந்தால்தான் நடுநிலை நாட்டுக் கப்பலை மறித்துச் சரக்கைப் பறிமுதல் செய்ய முடியும். ஆனால் அப்படி அறிவித்தால், போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுத்த அமெரிக்காவின் நடுநிலைச் சட்டம் பாயும், அங்கிருந்து ஆயுதம் வாங்க முடியாது. அதனால் சீனாவோடு நடத்திய போரை "சம்பவம்" என்றே அழைத்துக்கொண்டு, "ராணுவத் தேவை", "கண்ணிவெடி ஆபத்து" என்று காரணம் காட்டி வெளிநாட்டுக் கப்பல்களுக்குக் கதவைச் சாத்தினார்கள்.

சீனாவின் யாங்சி ஆற்றில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. வெளிநாட்டு வணிகக் கப்பல்களுக்கு ஆபத்து என்று சொல்லப்பட்ட அதே ஆற்றில் ஜப்பானிய வணிகக் கப்பல்கள் சரக்கோடு போய்வந்தன, இது எனக்கு இன்னும் ஆத்திரமூட்டும் விஷயம். 1939 டிசம்பரில்தான் நான்கிங் (இன்றைய நான்ஜிங்) நகரம் வரை ஆற்றை வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறக்கப்போவதாகச் சொன்னார்கள்.

அப்புறம் தென்சீனத் துறைமுகமான சுவாதோ (இன்றைய ஷாந்தௌ). 1939 ஜூன் 21 அன்று அதைப் பிடித்ததும், வெளிநாட்டுப் போர்க்கப்பல்களை வெளியேறச் சொன்னார்கள். அமெரிக்க ஆசியக் கடற்படைத் தளபதி ஹாரி யார்னல் மறுத்துவிட்டார். போர்க்கப்பலால் அப்படி நிற்க முடிந்தது, ஆனால் சரக்குக் கப்பல் அப்படியில்லை, துறையில் இறக்க அனுமதி கிடைக்காவிட்டால் கொடி யாருடையதாக இருந்தும் பயனில்லை.